கால்நடைகளின் மூக்கு அறியும் மணச் செய்தி



பருத்தி வயலிலும் நிலக்கடலை வயலிலும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது இன்று உங்களுக்குப் புதிதன்று. எக்டருக்கு 12 பொறி வீதம் நட்டு, காலையில் பையைப் பிரித்து, உள்ளே விழுந்த ஆண் அந்துப்பூச்சிகளை எண்ணிப் பார்த்து, அதன்படி பயிர்ப் பாதுகாப்பைத் திட்டமிடுகிறீர்கள்.

இப்பொறிகளைப் பற்றிய பயிற்சி வகுப்பு ஒன்றில் நான் பேசி முடித்ததும், பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "பூச்சிக்கு வாசனை உண்டுன்னு சொன்னீங்க. எங்க பட்டியில நிக்கிற கிடாவோட வாடை தெருமுனை வரைக்கும் வருது. அதுவும் இதே சங்கதிதானுங்களா?" என்று கேட்டார். வகுப்பில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவர் கேட்டது மிகவும் சரியான கேள்வி. கிடாவின் வாடையும் அதே சங்கதிதான். நான் உழவியல் பாடம் நடத்துபவன். ஆயினும் ஆடு மாடு இல்லாமல் உழவு இல்லை. அவருடைய கேள்விக்குரிய விடையை உங்கள் அனைவருக்கும் பயன்படும் வகையில் இக்கட்டுரையில் காண்போம்.

மணச் செய்தி என்றால் என்ன?

ஓர் உயிரினம் தன் உடலிலிருந்து வெளியிடும் ஒரு பொருள், அதே இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிரின் நடத்தையையோ உடல் இயக்கத்தையோ மாற்றுமானால், அப்பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர். இப்பெயர் 1959-ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மன் நாட்டு வேதியியல் அறிஞர் அடால்ஃப் பூட்டனாண்ட், பட்டுப்பூச்சியின் பெண் அந்து வெளியிடும் கவர்ச்சிப் பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்துக் காட்டினார். அதற்காக அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஏறத்தாழ 5 இலட்சம் பெண் அந்துகளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அத்துணைச் சிறிய அளவில் இருந்துகொண்டு அத்துணைப் பெரிய வேலையைச் செய்யும் பொருள் அது. உங்கள் பொறியில் பொருத்தப்படும் சிறு ரப்பர் குப்பி இந்தக் கண்டுபிடிப்பின் வழியே வந்ததுதான்.

பூச்சி இச்செய்தியைத் தன் உணர்கொம்பால் அறிகிறது. ஆடு, மாடு, பன்றி ஆகியவை மூக்கால் அறிகின்றன. ஆனால் அவற்றின் மூக்கு நம் மூக்கைப் போன்றதன்று.

கால்நடைக்கு இரண்டு மூக்கு

முதலாவது, நாம் அறிந்த மூக்கு. காற்றில் மிதந்து வரும் மணத் துகள்கள் மூக்கின் உட்பகுதியிலுள்ள ஈரமான சவ்வில் படிகின்றன. அச்சவ்விலுள்ள உணர்வு நரம்புகள் அதனை மூளைக்குத் தெரிவிக்கின்றன. மணத்தை ஏற்கும் உணர்வு அமைப்புகளில் மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகைகள் உள்ளன. மாட்டிற்கு அதைப் போல் இருமடங்கிற்கும் மேல் உள்ளன. நமக்கு ஒரே சாண வாடையாகத் தெரியும் தொழுவம், மாட்டிற்குப் பல செய்திகள் எழுதிய பலகை ஆகும்.

இரண்டாவது மூக்கு வெளியே தெரியாது. மூக்கின் அடித்தளத்தில், நடுச்சுவரின் இருபுறமும், நீண்ட இரு குழாய்களாக அது அமைந்துள்ளது. 1813-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சன் இதனை விரிவாக விவரித்தார். ஆகையால் இதற்கு ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். காற்றில் எளிதில் பறக்காத, சிறுநீரிலும் பிறப்புறுப்பின் கசிவிலும் கரைந்துள்ள கனமான பொருள்களையும் இவ்வுறுப்பு அறிய வல்லது.

இதற்கு வாசல் எங்கே என்று உங்கள் மாட்டின் வாயிலேயே பார்க்கலாம். மாட்டிற்கும் ஆட்டிற்கும் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை என்பதை அறிவீர்கள். அவ்விடத்தில் தடித்த ஈறுமேடு இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தின் முன்பகுதியில், ஒரு சிறு மேடும் அதன் இருபுறமும் இரு சிறு துளைகளும் இருக்கும். அத்துளைகள் வழியாக வாயிலிருந்து ஜேக்கப்சன் உறுப்பிற்குப் பாதை செல்கிறது.

காளை இளிப்பது ஏன்?

பெண் ஆடு சிறுநீர் விடும்போது கிடா ஓடிச் சென்று அதில் மூக்கையும் வாயையும் நனைத்துக்கொள்ளும். பின் தலையை உயர்த்தி, கழுத்தை நீட்டி, மேல் உதட்டை மேலே சுருட்டி, வாயைச் சிறிது திறந்து, சில வினாடிகள் அசையாமல் நிற்கும். கிடா இளிக்கிறது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். காளையும் எருமைக் கிடாவும் இவ்வாறே செய்யும். இச்செயலுக்கு அறிவியலில் ஃபிளேமன் என்று பெயர்.

இது வேடிக்கைக்காகச் செய்வதன்று. உதடு சுருளும்போது மூக்குத் துளைகள் ஏறத்தாழ மூடிக்கொள்கின்றன. நாக்கால் எடுத்த துளி, அண்ணத்திலுள்ள துளைகள் வழியே ஜேக்கப்சன் உறுப்பினுள் இழுக்கப்படுகிறது. அங்கிருந்து செல்லும் நரம்பு, மூளையில் இனப்பெருக்கத்தையும் ஹார்மோன் சுரப்பையும் நடத்தும் பகுதிகளுக்குச் செய்தியைக் கொண்டு செல்கிறது. சுருங்கச் சொன்னால், கிடா அந்த நேரத்தில் சிறுநீரைப் பரிசோதனை செய்கிறது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். காளை இளித்துவிட்டாலே அந்த மாடு பருவத்திற்கு வந்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. பருவத்தில் இல்லாத மாட்டின் சிறுநீரையும் காளை சோதித்துப் பார்க்கும். பார்த்துவிட்டு விலகிச் சென்றால் விடை 'இல்லை' என்று பொருள். விலகாமல் அதே மாட்டைத் தொடர்ந்து சுற்றி வந்து, அதன் முதுகில் தாடையை வைத்து நின்றால்தான் விடை 'ஆம்' என்று பொருள்.

எல்லா மணச் செய்தியும் ஜேக்கப்சன் உறுப்பு வழியாகத்தான் செல்கிறது என்று கருதுவதும் சரியன்று. செம்மறியாட்டில் இவ்வுறுப்பைச் செயலிழக்கச் செய்து பார்த்தபோதும், கிடாவின் வாடைக்குப் பெண் ஆடுகள் பலன் காட்டின. பன்றியிலும் இவ்வுறுப்பின் வாசலை அடைத்துப் பார்த்தனர். அப்போதும் ஆண் பன்றியின் வாடையைப் பெண் பன்றி அறிந்துகொண்டது. முதல் மூக்கும் இரண்டாம் மூக்கும் இணைந்தே பணி செய்கின்றன.

கிடா வாடையின் வேலை

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். 1944-ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறியாடுகளைக் கவனித்த ஆய்வாளர்கள் ஒரு செய்தியைப் பதிவு செய்தனர். நெடுநாள் கிடா இல்லாமல் இருந்த பெண் ஆடுகளிடையே கிடாவை விட்டால், பருவத்திற்கு வராமலிருந்த ஆடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பருவத்திற்கு வந்தன. பின்னர் வெள்ளாட்டிலும் இதே விளைவு காணப்பட்டது.

கிடாவின் மணம் பெண் ஆட்டின் மூக்கை எட்டிய சிறிது நேரத்திற்குள் மூளை விழித்துக்கொண்டு, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை இரத்தத்தில் மிகுதியாக விடச் செய்கிறது. அடுத்த சில நாட்களில் கருமுட்டை வெளியாகிறது. கிடா தொட வேண்டியதில்லை. அதன் மணமே போதுமான தூண்டுதலைத் தருகிறது. கிடாவைப் பார்ப்பதும் அதன் குரலைக் கேட்பதும் சேர்ந்தால் விளைவு இன்னும் கூடுகிறது.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது? 2014-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், கிடாவின் தலையில் தொப்பி போன்ற ஒன்றை அணிவித்து, தலைமுடியிலிருந்து எழும் மணப் பொருள்களைச் சேகரித்தனர். அவற்றுள் 4-எத்தில் ஆக்டனால் என்னும் பொருள், பெண் ஆட்டின் மூளையில் இனப்பெருக்கத்தை நடத்தும் பகுதியைத் தூண்டுவதைக் கண்டறிந்தனர். விதை நீக்கிய கிடாவிடம் இப்பொருள் காணப்படவில்லை. இப்பொருள் காற்றுப்பட்டு மாறும்போது உண்டாவதுதான், நாம் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கிடா வாடையின் முக்கியப் பகுதி. நமக்கு நாற்றம் என்று தோன்றுவது பெண் ஆட்டிற்குச் செய்தியாக இருக்கிறது.

ஆவணியில் கிடா, தையில் குட்டி

இந்த அறிவால் உங்களுக்கு என்ன பயன்?

நம் நாட்டு வெள்ளாடுகள் குளிர் நாட்டு ஆடுகளைப் போலன்றி ஆண்டு முழுவதும் பருவத்திற்கு வரக்கூடியவை. கிடாவும் ஆண்டு முழுவதும் பட்டியிலேயே நிற்கிறது. ஆகவே குட்டிகளும் ஆண்டு முழுவதும் சிதறிப் பிறக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிறக்கும் குட்டிகள் நனைந்து, குளிர்ந்து, கழிச்சல் கண்டு மடிவதைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் பிறக்கும் குட்டிகளுக்குத் தாயின் மடியில் பால் இருப்பதில்லை. குட்டிகள் ஒரே காலத்தில், நல்ல காலத்தில் பிறந்தால் கவனிப்பதும் எளிது. சந்தைக்கு ஒருசேரக் கொண்டு செல்வதும் எளிது.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆவணித் தொடக்கத்தில் கிடா சேர்த்தால் தை, மாசி மாதங்களில் குட்டி கிடைக்கும். அடைமழை முடிந்திருக்கும், வேலியிலும் கரையிலும் தழை மிகுந்திருக்கும். இதற்குப் பின்வரும் முறையைக் கையாளலாம்.

1. ஆடி மாதம் முழுவதும் கிடாவைப் பட்டியிலிருந்து பிரித்து, வாடையும் குரலும் எட்டாத தொலைவில், உறவினர் தோட்டத்திலோ வேறு களத்திலோ கட்டி வைக்கவும். தடுப்பு ஒன்றை நடுவில் வைத்து அடுத்த அறையில் கட்டுவதால் பயனில்லை. மூக்கிற்குத் தடுப்பு ஏது?

2. அவ்வாறு பிரிக்க இயலாதவர்கள் பக்கத்து ஊரில் உள்ளவரோடு கிடாவை மாற்றிக்கொள்ளலாம். பழகிய கிடாவின் வாடைக்குப் பெண் ஆடுகள் அசைவதில்லை; புதிய கிடாவின் வாடைக்கு அசைகின்றன. தந்தைக் கிடா தன் மகளையே சேரும் உள்ளினச் சேர்க்கையையும் இது தடுக்கும். ஆனால் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட, கருச்சிதைவு கண்ட மந்தையில் இல்லாத கிடாவையே கொண்டு வரவேண்டும்.

3. மேய்ச்சலில் கிடாக்கள் கலந்துவிடும் ஊர்களில், கிடாவின் வயிற்றின் கீழ் சாக்குத் துணி கட்டிச் சேர்க்கையைத் தடுக்கும் வழக்கம் உண்டு. இது சினையைத் தடுக்குமே தவிர வாடையைத் தடுக்காது. இம்முறையைக் கையாள்பவர்கள் ஆவணியில் புதிய கிடாவைக் கொண்டு வருவதே சிறந்தது.

4. கிடா சேர்ப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே ஒவ்வொரு பெண் ஆட்டிற்கும் நாளொன்றுக்கு 200 கிராம் வரை அடர்தீவனம் கொடுக்கவும். எலும்பும் தோலுமாக உள்ள ஆட்டிற்கு எவ்வளவு நல்ல கிடாவின் வாடை வந்தாலும் பயன் குறைவே.

5. ஏறத்தாழ 20 பெண் ஆடுகளுக்கு ஒரு கிடா போதும். வயதும் சுறுசுறுப்பும் உள்ள கிடாவாக இருக்க வேண்டும். இளங்கிடாவிடம் வாடையும் குறைவு, ஊக்கமும் குறைவு.

6. கிடாவை 42 நாட்கள் பட்டியில் விட்டு வைக்கவும். வெள்ளாட்டின் பருவச் சுழற்சி 21 நாட்கள் ஆதலால் இது இரண்டு சுழற்சிக் காலம் ஆகும். வாடையால் தூண்டப்பட்ட ஆடுகளில் முதல் பருவம் சில நாட்களிலேயே வரும். அது பல ஆடுகளில் நிலைக்காது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் பருவம் வந்து அப்போது சினை நிற்கும். முதல் சேர்க்கை வீணாயிற்றே என்று எண்ணிக் கிடாவைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஒழுங்காகப் பருவத்திற்கு வந்துகொண்டிருக்கும் ஆடுகள் தம் சுழற்சிப்படியேதான் வரும் என்பதையும் அறிதல் வேண்டும். எல்லா ஆடுகளும் ஒரே நாளில் குட்டி போடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆண்டு முழுவதும் சிதறுவது இரண்டு மாதங்களுக்குள் அடங்கினால் அதுவே பெரும் வெற்றி.

காளை போன பின் மாட்டின் செய்தியை யார் படிப்பது?

கறவை மாட்டிற்கு வருவோம். முன்பு ஊருக்கு ஒரு பொலிகாளை இருந்தது. எந்த மாடு பருவத்திற்கு வந்திருக்கிறது என்று அது தன் மூக்கால் அறிந்துகொண்டது. மாட்டுக்காரர் கவனிக்காவிட்டாலும் காளை கவனித்தது. இன்று பெரும்பாலான ஊர்களில் பொலிகாளை இல்லை. செயற்கைமுறைக் கருவூட்டலுக்குச் சினை ஊசி போடுகிறோம். நல்ல இனக் காளையின் விந்து எளிதில் கிடைப்பதால் இம்முறை மிகவும் நல்லதே. ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். காளையின் விந்துக்கு மாற்று வந்தது. காளையின் மூக்கிற்கு மாற்று வரவில்லை. அந்த மூக்கின் வேலையை இப்போது உங்கள் கண் செய்ய வேண்டும்.

மாடு இன்றும் தன் செய்தியை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. படிப்பவர் இல்லாவிட்டால் அது 12 முதல் 18 மணி நேரத்தில் அழிந்துவிடும். அடுத்த செய்திக்கு 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் மாட்டின் ஒரு நாள் தீவனச் செலவை 21-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு பருவத்தைத் தவறவிட்டதன் விலை அதுவே. அடுத்த ஈற்றின் பாலும் 21 நாட்கள் தள்ளிப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் படிக்கும் முறை வருமாறு:

அதிகாலை, மாலை, இரவு படுக்கப் போகுமுன் என நாளொன்றுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் மாடுகளைக் கவனியுங்கள். பால் கறக்கும் நேரத்திலும் தீவனம் வைக்கும் நேரத்திலும் பார்ப்பது கணக்கில் சேராது. அப்போது மாட்டின் கவனம் தீவனத்தில் இருக்கும்.

நாள் முழுவதும் முளையில் கட்டியிருக்கும் மாடு தன் செய்தியைக் காட்ட இயலாது. இரண்டு மூன்று மாடுகள் உள்ளவர்கள் காலையும் மாலையும் சிறிது நேரம் அவிழ்த்து ஒன்றாக விடவும். பசுக்களும் ஒன்றையொன்று முகர்ந்து பார்க்கும். ஒரு மாட்டை மற்றவை மீண்டும் மீண்டும் முகர்ந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் அசையாது நிற்கும் மாடே பருவத்தில் உள்ள மாடு. ஏறும் மாடு அன்று, ஏற்றுக்கொள்ளும் மாடு.

ஒரே மாடு வைத்திருப்பவர்கள் பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி போல் தெளிவாகத் தொங்கும் வழுவழுப்பான கசிவு, அடிக்கடி சிறுநீர் விடுதல், ஓயாது கத்துதல், திடீரெனப் பால் குறைதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். காலையில் இவ்வறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்யவும்.

வாலிலோ தொடையிலோ சிறிது இரத்தம் ஒட்டியிருக்கக் கண்டால் அச்சப்பட வேண்டாம். பருவம் முடிந்து ஓரிரு நாட்கள் ஆகிவிட்டன என்பதே அதன் பொருள். செய்தியைத் தவறவிட்டீர்கள்; ஆனால் தேதி கிடைத்துவிட்டது. நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அடுத்த 17-ஆம் நாளிலிருந்து கவனியுங்கள்.

எருமையில் இவ்வறிகுறிகள் மிகவும் மங்கலாக இருக்கும். கோடையில் இரவு நேரத்தில் மட்டுமே தெரிவதும் உண்டு. எருமைப் பருவத்தை அறிவதில் கிடாவின் மூக்கை விஞ்சியது இல்லை. பல எருமைகள் உள்ள ஊரில், விந்துக் குழாய் அறுக்கப்பட்ட எருமைக் கிடா ஒன்றைச் சிலர் சேர்ந்து வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் எருமைகளிடையே நடத்திச் சென்றால் நல்ல பலன் கிடைக்கும். அறுவையைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

பன்றி வளர்ப்போருக்கு

ஆண் பன்றி வாயை மென்று நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நுரையில் ஆண்ட்ரோஸ்டினோன் என்னும் மணப் பொருள் உள்ளது. பருவத்திலுள்ள பெண் பன்றி இதை முகர்ந்ததும் காதை நிமிர்த்தி, கால்களை ஊன்றி, மரம் போல் நிற்கும். ஆகையால் பெண் பன்றியின் முதுகை இரு கைகளாலும் அழுத்திப் பருவத்தைச் சோதிக்கும்போது, ஆண் பன்றியை அதன் முகத்தெதிரே கொண்டு வந்து நிறுத்தவும். அது இல்லாதபோது தயங்கி நகரும் பன்றிகளில் பல, அது வந்ததும் நிற்கும். சோதனை நேரம் தவிர மற்ற நேரத்தில் ஆண் பன்றியைத் தள்ளியே அடைக்கவும். எந்நேரமும் வீசும் மணம் எவரையும் எழுப்பாது. இளம் பெண் பன்றிகளை விரைவில் பருவத்திற்குக் கொண்டுவர விரும்பினால், 10 மாதத்திற்கு மேற்பட்ட ஆண் பன்றியை நாள்தோறும் சிறிது நேரம் அவற்றிடையே விடவும்.

நான் கழுவிய குட்டி

இறுதியாகத் தாய்க்கும் குட்டிக்கும் இடையே உள்ள மணத்தைப் பற்றிக் கூற வேண்டும். இது இனக்கவர்ச்சி அன்று. ஆயினும் மூக்கின் வழியே நடப்பதுதான். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஒரு தவறு செய்து கற்றேன்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு மழை இரவில் எங்கள் வீட்டு வெள்ளாடு முதன்முதலாக ஈன்றது. இரண்டு குட்டிகள். முதல் குட்டி சாக்கில் விழுந்தது. தாய் நக்கத் தொடங்கியது. இரண்டாவது குட்டி சேற்றில் விழுந்தது. சேறும் நீருமாகக் கிடந்த அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் தூக்கிச் சென்று, வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துவட்டி, அழகாகக் கொண்டு வந்து தாயிடம் விட்டேன். தாய் ஒருமுறை முகர்ந்தது. பிறகு முட்டித் தள்ளியது. மீண்டும் விட்டேன், மீண்டும் முட்டியது.

விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்த என் அப்பத்தா குட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "அழுக்கைக் கழுவறேன்னு அது இன்னார் பிள்ளைங்கிறதையே கழுவிட்டியேடா" என்றார். பாலைக் கறந்து புட்டியில் ஊட்டினோம். ஆறாம் நாள் அது இறந்தது. நக்கப்பட்ட குட்டி வளர்ந்து பல ஈற்றுகள் ஈன்றது.

அப்பத்தா சொன்னதை அறிவியலும் உறுதி செய்கிறது. ஈனும்போது கருப்பை வாய் விரிவதால் தாயின் மூளையில் ஒரு மாற்றம் ஏற்படுகிறது. அதுவரை பனிக்குட நீரின் வாடையை வெறுத்த ஆடு, அந்நேரத்தில் அதை விரும்பி நக்குகிறது. நக்கும்போதே தன் குட்டியின் தனி மணத்தைக் கற்றுக்கொள்கிறது. இந்த வாய்ப்பு ஈன்ற பின் சில மணி நேரமே திறந்திருக்கும். 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெள்ளாடுகளைக் கொண்டு செய்த ஆய்வில், பிறந்தவுடன் 5 நிமிடம் தாயோடு இருந்த குட்டியைப் பிறகு சில மணி நேரம் பிரித்து வைத்தாலும் தாய் ஏற்றுக்கொண்டது; அந்த 5 நிமிடமும் கிடைக்காத குட்டிகளைப் பெரும்பாலான தாய்கள் ஏற்கவில்லை. முதல் ஈற்று ஆடுகளில் இதற்கு மிகுந்த கவனம் தேவை. பல முறை ஈன்ற ஆடு சிறிது விட்டுக்கொடுக்கும். முதல் முறை ஈன்றது விட்டுக்கொடுக்காது.

ஆகவே குட்டியின் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் துடையுங்கள். தொப்புளுக்கு டிங்சர் அயோடின் தடவுங்கள். உடலைத் தாயிடம் விடுங்கள். மழையில் நனைந்திருந்தால் காய்ந்த வைக்கோலால் ஒற்றி எடுத்து, அந்த வைக்கோலையும் குட்டியையும் தாயின் முகத்தருகே வையுங்கள். சோப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். தாய் நக்கத் தயங்கினால் குட்டியின் மேல் சிறிது தவிடும் உப்பும் தூவுவது நம் முன்னோர் கண்ட நல்ல முறை.

தாயை இழந்த குட்டியை வேறு ஆட்டிடம் சேர்க்க விரும்பினால், அந்த ஆடு ஈனும் நேரமே ஏற்ற நேரம். அதன் பனிக்குட நீரை எடுத்து அனாதைக் குட்டியின் உடலெங்கும், குறிப்பாகத் தலையிலும் வால் பகுதியிலும் தடவி, அதன் சொந்தக் குட்டியோடு சேர்த்து முகத்தெதிரே விடவும். குட்டி இறந்துபோன ஆட்டிற்கு, இறந்த குட்டியின் தோலை அனாதைக் குட்டியின் மேல் போர்த்திச் சேர்ப்பதும் உண்டு. கன்றை இழந்த பசுவிற்குக் கன்றின் தோலில் வைக்கோல் திணித்து முன்னே வைத்துப் பால் கறந்த நம் பழைய வழக்கமும் இதைச் சார்ந்ததே. ஆனால் நோயால் இறந்ததன் தோலைப் பயன்படுத்தக் கூடாது. திடீரென இறந்து, மூக்கு, ஆசன வாய் வழியே இரத்தம் கசிந்த கால்நடையை அறவே தொடக்கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் பரவும். உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்கவும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

- எந்நேரமும் உடனிருக்கும் கிடாவின் வாடை பயன் தராது. பிரித்து வைத்துச் சேர்க்கவும், அல்லது புதிய கிடாவைக் கொண்டு வரவும்.
- ஆவணியில் கிடா சேர்த்து, 42 நாட்கள் விட்டு வைக்கவும்.
- பொலிகாளை இல்லாத ஊரில், நாள்தோறும் மூன்று முறை 20 நிமிடம் உங்கள் கண்ணே காளையின் மூக்கு.
- பருவம் கண்ட தேதியையும் இரத்தம் கண்ட தேதியையும் நாட்காட்டியில் குறிக்கவும்.
- பிறந்த குட்டியைக் கழுவாதீர்கள்; தாய் நக்கட்டும்.

இவற்றுள் எதற்கும் தனியே பணம் செலவிட்டு மருந்து வாங்க வேண்டியதில்லை. வேண்டிய மணம் உங்கள் பட்டியிலேயே இருக்கிறது. அதனைத் தக்க காலத்தில் தக்க மூக்கிற்குச் சேர்ப்பதே நம் வேலை. வருகின்ற ஆடியில் உங்கள் கிடாவைப் பிரித்துக் கட்டிப் பாருங்கள். தையில் பிறக்கும் குட்டிகளை எண்ணிப் பாருங்கள்.